ராசம்மாள் போட்டுக்கொண்ட மோதிரம்

"கடைசி வெலை என்னன்னு சொல்லுங்க பாய்" என்றாள் அன்புக்கரசி.

நாகூர் மீரான் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு அடுத்ததைக் கழற்றப் போனவர், அப்படியே நின்றுவிட்டார். கையில் ரோஜா மாலை. கோயமுத்தூர் பெரிய கடைவீதியை ஒட்டிய சந்தில் பழைய நகைகளை வாங்கி விற்கிறவர். எத்தனையோ இழவு வீடுகளுக்குப் போயிருப்பார். வாசலிலேயே நிறுத்தி விலை கேட்டவர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

"மொதல்ல மாலையைப் போட்டுட்டு வாரேன் அம்மணி."

"போடுங்க. போட்டுட்டுச் சொல்லுங்க."

பந்தலில் இருந்தவர்கள் வாசல் பக்கம் திரும்பினார்கள். இதைத்தான் செய்யக் கூடாதென்று ஆறுச்சாமி விடிந்ததிலிருந்து மகளிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். பாய் வருவார், மோதிரத்தை வாங்கிக்கொண்டு போவார், நீ வாயைத் திறக்காதே, விலை என்ற சொல்லே இன்றைக்கு இந்த வீட்டில் கேட்கக் கூடாது. அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அப்போதே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"பொணத்தை இன்னும் குளிப்பாட்டக்கூட இல்ல, அதுக்குள்ள யாவாரமா கண்ணு?" என்றார் பங்காரு சித்தப்பா. ஆறுச்சாமியின் பங்காளி. துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு நாற்காலி போடும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டு, நல்ல நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தார். "காலேஜுல இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"பி.காம்ல யாவாரம்தானுங்க சித்தப்பா சொல்லித் தருவாங்க."

யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

உள்ளே ராசம்மாள் பெஞ்சின் மேல் கிடந்தாள். ஆறுச்சாமியின் அக்கா, அன்புக்கரசியின் அத்தை. எழுபதை நெருங்கிய வயது. தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த வெள்ளைத் துணியில், பல்வலிக்காக லீவு போட்டவளைப் போலத் தெரிந்தாள். வலது கையை மட்டும் இரண்டு பெண்கள் விடாமல் பிடித்திருந்தார்கள். ஒருத்தி துணி சோப்பைக் குழைத்துத் தடவினாள். இன்னொருத்தி மோதிரத்தைத் திருகினாள். மோதிரம் சுற்றியது, ஆனால் விரல் கணுவைத் தாண்ட மறுத்தது.

"வெளக்கெண்ணெயும் போட்டுப் பாத்தாச்சு. உசுரோட இருக்கறப்பவே வாங்குனதைத் திருப்பித் தர மாட்டா. இப்பவா தரப்போறா?" என்றாள் சோப்புத் தடவியவள்.

"என்ற சல்லடையை வாங்கிட்டுப் போயி எத்தன வருசமாச்சு" என்றாள் இன்னொருத்தி.

"சமையக்கட்டுல மாட்டியிருக்குதுங்க. போறப்ப எடுத்துக்குங்க" என்றாள் அன்புக்கரசி.

ராசம்மாளுக்கு இருபது வயதுக்குள் கல்யாணமும் ஆகி, அது இல்லாமலும் போயிருந்தது. தோட்டங்களில் களை வெட்டினாள். பிறகு சரவணம்பட்டிப் பக்கத்து மில் ஒன்றில், வேலைக்கு வரும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாகச் சேர்ந்து, ரிட்டயர் ஆகும்வரை தொட்டில் ஆட்டினாள். அன்புக்கரசியைப் பள்ளிக்கூடத்துக்கும் காலேஜுக்கும் அனுப்பியது அந்தச் சம்பளம்தான். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். பட்டமளிப்பு விழாவுக்கு வந்த அத்தை மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆனால் அவள் பார்த்தது பட்டத்தை அல்ல, கொடுத்த அம்மாளின் கையை.

"காயிதத்தை நீட்டறப்ப அந்தப் பொம்பளை வெரல்ல மின்னல் வெட்டுச்சு பாத்தியா அன்பு? எனக்கொண்ணு வேணும்."

"நமக்கெதுக்குக்கா வைரம்?" என்றார் ஆறுச்சாமி.

அன்புக்கரசி அந்த வார்த்தையைக் கேட்டே வளர்ந்தவள். நமக்கெதுக்கு டவுன் பள்ளிக்கூடம், நமக்கெதுக்கு காலேஜ், நமக்கெதுக்கு ஆபீஸ் வேலை. பம்ப்செட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்து வருடங்கள் ஆன பிறகும், அந்தச் சொல் காதில் விழுந்தால் அவளுக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். மில்லில் வருடக்கணக்காக இழுத்தடித்த அத்தையின் ரிட்டயர்மென்ட் பணம் ஒருவழியாக வந்ததும், அவளே கூட்டிக்கொண்டு போய் நாகூர் மீரான் கடையில் உட்காரவைத்தாள்.

புதுக் கற்கள் எதுவும் அத்தைக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடிச் சில்லாட்டம் இருக்குது என்றாள். பிறகு பாய் அலமாரியின் அடியிலிருந்து ஒரு பழைய மோதிரத்தை எடுத்து வைத்தார். கல்லுக்குப் பின்னால் தங்கத் தகடு வைத்து மூடிய அந்தக் காலத்துக் கட்டு. அத்தையின் வாய் திறந்தது, மூடவில்லை.

பாய் எதையும் ஒளிக்கவில்லை. பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். "உள்ள ஒரு கரும்புள்ளி இருக்குதுங்க. ஓரத்துல ஒரு கீறல். தோஷம்பாங்க. அதனாலதான் இந்த வெலை. மறைச்சு வித்தான்னு நாளைக்கு எனக்குப் பேரு வரக் கூடாது."

ஒரு கண்ணை மட்டும் மூட அத்தைக்கு வரவில்லை. இரண்டையும் மூடினாள், இரண்டையும் திறந்தாள். கடைசியில் அன்புக்கரசி ஒரு கண்ணைப் பொத்திப் பிடிக்க, வெகுநேரம் பார்த்தாள்.

"உள்ள ஒரு எறும்பு நிக்குதுங்க பாய்."

"எறும்பு இல்லீங்க, கரிப்புள்ளி."

"எறும்புதான். காலெல்லாம் தெரியுது. இருந்துட்டுப் போகட்டும், அதுக்கும் ஒரு ஊடு வேணுமல்லோ."

வைரம் வாங்குவதில் ஒரு வழக்கம் உண்டு. முன்பணம் கொடுத்துவிட்டுக் கல்லை வீட்டுக்கு எடுத்துப் போய், மஞ்சள் துணியில் முடிந்து, சாமி படத்துக்குக் கீழே மூன்று நாள் வைத்து ராசி பார்ப்பார்கள். நல்லது நடந்தால் வாங்கிக்கொள்வார்கள். பால் திரிந்தாலோ யாருக்காவது காய்ச்சல் வந்தாலோ, கடைக்காரர் மறுபேச்சில்லாமல் கல்லைத் திருப்பி எடுத்துக்கொள்வார். பாயும் மஞ்சள் துணியில் முடிந்துதான் கொடுத்தார். டவுன்ஹால் பஸ் ஸ்டாப் வருவதற்குள் துணி அத்தையின் சுருக்குப்பைக்குள்ளும் மோதிரம் அவள் விரலிலும் இருந்தன.

"மூணு நாள் வெச்சுப் பாக்கோணும் அத்தை."

"மூட்டைக்குள்ள கெடந்தா அதுக்கு என்னையப் பத்தி என்ன தெரியும்? எங்கூட நாலு எடத்துக்கு வந்தாத்தான தெரியும்?"

நாலு இடத்துக்கும் போனாள். கண்டக்டரிடம் வலது கையை நீட்டி டிக்கெட் வாங்கினாள், சில்லறை சரியாக இருக்கிறதா என்று மறுபடியும் நீட்டினாள். தள்ளுவண்டியில் ஒவ்வொரு கத்தரிக்காயையும் விரலால் சுட்டிக் காட்டி எடுத்துப் போடச் சொன்னாள். தெருவில் பார்த்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்தாள். அதற்கு முன் வாழ்க்கையில் யாருக்கும் கை கொடுத்தவள் அல்ல. மறுநாள், மில்லில் கூட வேலை பார்த்த சிநேகிதியிடம் காட்டுவதற்கென்றே மேட்டுப்பாளையம் பஸ் ஏறினாள். பொழுது சாயத் திரும்பி வந்து, "அவளுக்கு வயிறு எரிஞ்சுபோச்சு, பாவம். எனக்குத்தான் மோர் குடுத்தா" என்று சொல்லிவிட்டு டிவி முன்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அன்பு, ஒரு டீ போடு. சக்கரை தூக்கலா."

அன்புக்கரசி டீயோடு வந்தபோது அத்தை உயிரோடு இல்லை. இடது கையின் மேல் வலது கையை வைத்து, மோதிரம் நன்றாகத் தெரியும்படி மடியில் விட்டிருந்தாள். முகத்தில் பெருமை அப்படியே இருந்தது.

மாரடைப்பு என்றார் டாக்டர். பல வருடமாக நெஞ்சுவலி மாத்திரை சாப்பிடுகிறவள், பாதி நாள் மறந்துவிடுகிறவள். ஆனால் மாரடைப்பை யாரும் காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. எறும்புக் கதை அவளே தெரு முழுக்கச் சொன்னதுதான். கல்லு காவு வாங்கிவிட்டது என்றார்கள். "நமக்கெதுக்கு வைரம்னு தம்பிக்காரன் அப்பவே தலையால அடிச்சுக்கிட்டான். ஆசைப்பட்டா, ரெண்டு நாள் தாங்கலை" என்று பங்காரு சித்தப்பா பந்தல்கால் நடுகிறவர்களிடம் சொன்னது, காலைக்குள் தெருமுனையைத் தாண்டிப் போயிருந்தது. ஆறுச்சாமி எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் பாய்க்குத் தகவல் சொன்னார். மாலை போட வந்தவர்கள் ராசம்மாளின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்புக்கரசிக்கு அவர்கள் எல்லார் மேலும் கோபம். தன் மேல் இன்னும் அதிகம். விடியும்போது உடலுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தவள், மோதிரத்தை மெல்லத் திருப்பி, கல் உள்ளங்கைப் பக்கம் போகும்படி விட்டிருந்தாள். அது தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது போல் இருந்தது. பி.காம் படித்தவள்.

பாய் மாலையைப் போட்டுவிட்டு, தலை குனிந்து சிறிது நேரம் உதடு அசைய நின்றார். வெளியே வந்து ஆறுச்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல மனுசி. கடையில என்ற பேரம்பேத்தி பேரெல்லாம் ஒவ்வொண்ணாக் கேட்டாங்க."

"வழக்கப்படி எடுத்துக்குங்க பாய். கழட்டத்தான் முடியல."

"அவசரமில்லீங்க. முன்பணத்தையும் கையோட கொண்டாந்துட்டேன்."

"வாங்கிட்டுப் போயி என்ன பண்ணுவீங்க?" என்று குறுக்கே வந்தாள் அன்புக்கரசி.

பாய் ஆறுச்சாமியைப் பார்த்தார். ஆறுச்சாமி தரையைப் பார்த்தார்.

"சாவு நடந்துபோச்சுன்னா அந்தக் கல்லை இந்த ஊர்ல விக்க மாட்டமுங்க. பம்பாய்க்கு அனுப்பிருவேன். கட்டைப் பிரிச்சுத் தங்கத்தை உருக்குவாங்க. கல்லுக்குப் புதுசாப் பட்டை போடுவாங்க. புள்ளி இருக்கற பக்கத்தைச் சீவி எறிஞ்சிருவாங்க. சின்னதாயிரும், சுத்தமாயிரும்."

"எறும்பைக் காலி பண்ண வெச்சிருவாங்க."

பாய் சிரிக்கப் போய், இடம் நினைவு வந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

ஆறுச்சாமி மகளின் கையைப் பிடித்து, வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்வரை இழுத்துக்கொண்டு போனார்.

"ஏங்கண்ணு இப்படிப் பண்றே? ஒறம்பரைச் சனமெல்லாம் பாத்துட்டு இருக்குது."

"எனக்கு அந்த மோதிரம் வேணுங்கப்பா. ஸ்கூட்டி வாங்கச் சேத்த பணம் இருக்குது. மீதியை நான் கட்டிக்கறேன்."

"உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" என்றார் அவர். "உங்கம்மாவும் இல்ல, இப்ப அக்காளையும் குடுத்துட்டேன். இனி எனக்குன்னு நீதான்."

அவர் கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பாள். வாளியில் ஊறிக்கிடந்த துணி ஒன்றை எடுத்துப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்குதுங்கப்பா. காத்தால நானே அந்தக் கல்லைத் திருப்பி வெச்சேன்." பிறகு, அவளுக்கே உரிய குரல் திரும்பியது. "ஆனா அதைத் திருப்பிக் குடுத்தமுன்னா, அத்தை ஆசைப்பட்டதுக்குத்தான் செத்துச்சுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. நாளைக்கு இந்தத் தெருவுல எவ வாயைத் தொறந்து ஒண்ணு கேட்டாலும், ராசம்மாளுக்கு ஆனதைப் பாருன்னு சொல்லுவாங்க. ரெண்டு நாளா அது எப்படி இருந்துச்சுன்னு நீங்க பாத்தீங்களா இல்லீங்களா?"

ஆறுச்சாமி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தார்.

"எனக்கும் கை குடுத்தா" என்றார். "கூடப் பொறந்தவனுக்கு. வெள்ளைக்காரியாட்ட."

"கை குடுத்து என்ன சொல்லுச்சு?"

"குட்மார்னிங்குன்னா. பொழுது எறங்கிப்போச்சு அப்ப."

அன்புக்கரசிக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. அவரும் சிரித்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். துண்டை எடுத்தபோது கண் சிவந்திருந்தது.

"இருந்தாலும் வழக்கமுன்னு ஒண்ணு இருக்குதல்லோ கண்ணு."

"வழக்கத்தை முழுசாக் கேட்டுருவோமுங்க" என்று அவள் முன்பக்கம் நடந்தாள்.

பாய்க்கு யாரோ டீ கொடுத்திருந்தார்கள். அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பாய், மூணு நாளும் கல்லை எப்படி வெச்சிருக்கோணும்?"

"துணியில முடிஞ்சு, சாமிகிட்ட."

"எடுத்துப் போட்டுக்கிட்டா?"

பாய் டீயை ஊதினார். ஆறிப்போன டீ அது. "பெரியவங்க. ஏதோ ஆசையில போட்டுட்டாங்க. நான் அதையெல்லாம் மனசுல வெக்கலீங்க."

"வைங்க. போட்டுக்கிட்டா உங்க தொழில்ல என்ன கணக்கு?"

"எழவு ஊட்டுல எதுக்கும்மா அது? பணத்தை வாங்கிக்குங்க, நான் எடுத்துட்டுப் போறேன்."

"சொல்லுங்க பாய்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஆறுச்சாமி வந்து நின்றிருந்தார்.

பாய் டம்ளரைக் கீழே வைத்தார். "துணியில இருக்கற வரைக்கும் கல்லு என்னோடது. ராசி பாக்கறதும் அதுவரைக்கும்தான். வெரல்ல ஏறிருச்சுன்னா யாவாரம் முடிஞ்சுதுங்க. அதுக்கப்பறம் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் கல்லைச் சொல்ல முடியாது. எங்கத்தா கடை வெச்ச காலத்துலயிருந்து அப்படித்தான். எனக்குத்தான் மனசு கேக்கலை, பணத்தோட வந்துட்டேன்."

பந்தலில் பங்காரு சித்தப்பாதான் முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"அப்ப டவுன்ஹால் ஸ்டாப்புலயே யாவாரம் முடிஞ்சுபோச்சுங்கறீங்க."

"எங்க போட்டாங்களோ அங்கயே."

"அப்ப ராசி பாத்துத் தப்பாப் போச்சுன்னே இல்ல. அக்கா வாங்கிப்போட்டுத்தான் போயிருக்குது."

"ஆமாங்க. அவங்க பொருளு."

"அதான பாத்தேன்" என்றாள் உள்ளேயிருந்து சோப்புக்காரி, கையைப் பிடித்தபடியே. "சொந்தக்காரி எப்படி உடுவா?"

முந்தானையில் வாயை மூடியிருந்தவள் இந்த முறை மூடவில்லை. சிரிப்பு பெண்களிடமிருந்து தொடங்கிப் பந்தலுக்கு வந்தது. தெருவில் போகிற ஒருவர் சைக்கிளை நிறுத்தி, இங்கேதான் இழவா என்று கேட்டார்.

"இங்கதானுங்க, வாங்க" என்று சித்தப்பா எழுந்து தன் நாற்காலியையே அவருக்குக் கொடுத்தார். "மாரடைப்புங்க. எத்தன வருசமா மாத்திரை. பாவம், பாதி நாளு மறந்துபோடும். ஆனா போறப்ப வைர மோதிரத்தோட போயிருக்குது பாருங்க, எங்க அக்கா. உள்ள வந்து பாத்துட்டுப் போங்க."

அன்புக்கரசி அவரை முறைத்தாள். அவர் அவள் பக்கமே திரும்பவில்லை. முறைப்பு அவளுக்கே நிற்கவில்லை.

"மீதிப் பணத்தை எட்டாம் நாள் காரியம் கழிஞ்சதும் கடையில கொண்டாந்து தர்றேனுங்க பாய். அத்தை ஒத்துக்கிட்ட அதே வெலை."

"கடைசி வெலை கேட்டியேம்மா. கொறைச்சுக்கறேன்."

"தோஷம் இருந்தாத்தானுங்க கொறைக்கோணும்."

இப்போது பாய் அடக்கவில்லை. தாடி குலுங்கச் சிரித்துவிட்டு, "ஒரு நூல்கண்டு குடுங்க" என்றார்.

ராசம்மாளின் பக்கத்தில் மண்டியிட்டு, நூலின் நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, மேலே கணுவைச் சுற்றி நெருக்கமாகக் கட்டிக்கொண்டு போனார். பிறகு அடியிலிருந்து நூலைப் பிரிக்கப் பிரிக்க, மோதிரம் சுற்றின்மேல் ஊர்ந்து ஊர்ந்து ஏறியது.

"கூடவே அனுப்பிரலாமா?" என்று ஆறுச்சாமி கடைசி முறையாகக் கேட்டார்.

"காசு குடுத்து வாங்குனதை மண்ணுல போட்டா, எந்திரிச்சு வந்து நம்மளை ஏசும்" என்றாள் அன்புக்கரசி.

மோதிரம் பாயின் உள்ளங்கையில் விழுந்தது. அவர் சோப்பைத் துடைத்து, ஜிப்பாப் பையிலிருந்து புதிதாக ஒரு மஞ்சள் துணியை எடுத்து, அதில் வைத்து முடிந்தார்.

"அவங்க யாவாரம் முடிஞ்சுது. நீங்க உங்களுக்குன்னு தனியாப் பாருங்க. மூணு நாள் வெச்சுப் பாத்துட்டு, வேண்டாமுன்னு தோணுச்சுன்னா கொண்டாந்து குடுத்துருங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். அப்பாவுக்கும் ஒரு நிம்மதி."

"ஆமாங்கண்ணு" என்றார் ஆறுச்சாமி உடனே. "அது நல்ல ரோசனை. மூணே நாளு."

பெண்கள் அவளையே பார்த்தார்கள். அவள் முடிச்சை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். அப்பா பெருமூச்சு விடுவது கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது. சாமி படத்துக்கு முன்னால் நின்றாள். முடிச்சு இறுக்கமாக இருந்தது. பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது.

மஞ்சள் துணியை நான்காக மடித்துப் படத்துக்குக் கீழே வைத்தாள். துணியை மட்டும்.

திரும்பி வரும்போது அவள் இடுப்பில் குடம் இருந்தது. "குளிப்பாட்டத் தண்ணி கொண்டாறேன்" என்று பொதுவாகச் சொன்னாள். ஆறுச்சாமி அவள் கையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு, வழியை மறித்திருந்த தன் காலை மடக்கிக்கொண்டார்.

வாசலில் தப்பட்டைக்காரர்கள் வைக்கோல் எரித்துத் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

"ஆரம்பிக்கலாமுங்களா அம்மணி?"

"அடிங்க."

அத்தையின் விரல் பருமன். மோதிரம் அன்புக்கரசிக்குத் தொளதொளவென்று இருந்தது. நழுவாமலிருக்க அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அடிகுழாயை நோக்கி நடந்தாள்.